அவள் பக்கத்து ஹீட்டர்

எங்கள் காரில் ஹீட்டர் இருக்கிறது என்று சொன்னால் செங்கல்பட்டில் சிரிக்காதவர்கள் இல்லை. சித்திரை மாதத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிற ஊர் இது. ஆனால் ஹீட்டர் இருக்கிறது. டாஷ்போர்டின் நடுவில், ஒரு காலத்தில் ரேடியோ இருந்த ஓட்டைக்குக் கீழே, ஒரு கறுப்புக் குமிழ். அதை இழுத்தால் எஞ்சினின் கொதிநீர் காருக்குள் இருக்கும் ஒரு பெட்டிக்கு வரும். உள்ளே தள்ளினால் நின்றுவிடும்.

அந்தக் குமிழ் இறுகிப்போய்விட்டது என்று என் மனைவியிடம் பத்து வருஷம் சொல்லிவந்தேன். அது இறுகவில்லை. ஒரு விரலால் நகரும். அந்தப் பொய்யால் அவளுக்கு ஒரு கால்விரல் போயிற்று. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் வெப்பவியல் நடத்தியவன். அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஊரில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். வம்புக்கு இழுக்கும்போது நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். நான் ஓய்வு பெற்ற வருஷம் அந்தக் கார் வந்தது. இங்கிலாந்தில் செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்து வைக்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் காப்பிக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் படித்தவர். "எடுத்துக்கிட்டுப் போங்க சார், இங்க இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றார்.

வாங்கும் முன்பே அவள் கேட்டாள்: "குளிர் ஊருக்குச் செஞ்ச வண்டி. நம்ம ஊர் வெயில்ல என்னங்க பண்ணும்?"

அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அந்தச் சூட்டில் கொஞ்சம்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மிச்சச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஆறின தண்ணீரைப் பம்பு மறுபடியும் எஞ்சினுக்குத் தள்ளுகிறது. வெளியே முப்பத்தைந்து டிகிரி இருந்தாலும் தண்ணீரின் சூட்டுக்கு அது குளிர்ச்சிதான் என்றேன். பேப்பரில் படம் போட்டு அம்புக்குறியெல்லாம் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கதானே அந்தப் பாடம் நடத்துறவர், சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் பிறகும் பலமுறை சொன்னாள். இப்போது நினைத்தால் கூசுகிறது.

கார் வந்ததும் எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது என்பாள். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. உட்கார்ந்தால் தரை கைக்கு எட்டும். வேகத்தடையில் அடி தட்டும். ஒவ்வொரு முறையும் அவள் "அம்மா" என்பாள், வண்டிக்காக. இறங்குவதற்கு நான் சுற்றிவந்து கை கொடுத்து இழுக்க வேண்டும். திருப்போரூரில் ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "இன்னா பெருசு, மீதி காரு எங்க?" என்றார். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள்: "மீதி உங்க பஸ்ஸுக்குப் பின்னாடி வருது தம்பி, வழி விடுங்க." பஸ்ஸே சிரித்தது. அந்தக் கண்டக்டர் இன்றைக்கும் எங்களைப் பார்த்தால் கை காட்டுவார்.

காரைப் பார்த்துக்கொண்டவர் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். என்னைவிட இருபது வயது சின்னவர், கைராசிக்காரர். வந்த முதல் வாரமே எஞ்சினின் தலையைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு பித்தளைச் சாமானை எடுத்து என் கையில் வைத்தார். தெர்மோஸ்டாட். ஒரு வட்டு, அதன் நடுவில் மெழுகு அடைத்த சின்னக் குப்பி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் வழியை அடைத்து நிற்கும். எஞ்சின் சூடானதும் மெழுகு விரிந்து கதவைத் திறக்கும்.

"இன்னாத்துக்கு சார் இது? வெள்ளக்காரன் ஊர்ல பனி பெய்யுது, இன்ஜினு சூடாவ நேரமாவும், அதுக்கு வச்சிக்கீறான். நம்மூர்ல காலைல ஏழு மணிக்கே இன்ஜினு சூடாத்தான் கீது. இது சும்மா தண்ணிய மறிச்சிகினு நிக்குது. கடாசிடலாமா?"

நம் பக்கத்தில் எந்தப் பட்டறையிலும் இதையேதான் சொல்வார்கள். லாரியோ ஜீப்போ, வண்டி கொதித்தால் முதல் வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது. படித்த நான் தடுத்திருக்க வேண்டும். ஏன், எதற்கு என்று அந்தச் சாமானைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஓடுகிற தண்ணீரை எதற்கு மறிக்க வேண்டும்? "கடாசிடலாம்" என்றேன். அவர் எதையும் கடாசுகிற ஆள் இல்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார்.

அடுத்த பௌர்ணமியன்று திருக்கழுக்குன்றத்தில் கார் கொதித்தது. கிரிவலக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டோம். சங்கு தீர்த்தக் குளத்தை ஒட்டி ஆமை வேகத்தில் ஊர்ந்தோம். ஓடும்போது முகத்தில் அடிக்கும் காற்றுதான் ரேடியேட்டருக்கு உயிர். ஊரும்போது பெல்ட்டில் சுற்றுகிற காற்றாடி ஒன்றுதான் கதி. டாஷ்போர்டில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் ஊசி ஏறிக்கொண்டே போய் முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. ஓரங்கட்டினேன். கற்பூரம் விற்கிற அம்மா ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டதாக என் மனைவி பிறகு சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடை கடையாகப் போய் இரண்டு குடம் தண்ணீர் வாங்கிவந்தாள். 'நான் அப்பவே கேட்டேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு உறைத்தது.

"ஒரு ஓஸ் பைப் லூசாயிருந்திருக்கு" என்றேன். ஓஸ் நன்றாகத்தான் இருந்தது.

மறுபடி கிளம்பினோம். ஊரைத் தாண்டுவதற்குள் ஊசி மறுபடி ஏறத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு ஹீட்டர் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்துக் கார்களில் ஹீட்டர் என்பது வேறொன்றும் இல்லை, இன்னொரு சின்ன ரேடியேட்டர். எஞ்சினின் சுடுதண்ணீரில் கொஞ்சத்தைப் பிரித்து டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஒரு தகரப் பெட்டிக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு சின்ன மின்விசிறி காற்றை அதன் மேல் ஊதி உள்ளே இருப்பவர்களுக்குச் சூடு கொடுக்கும். காருக்குள் வருகிற சூடு எஞ்சினை விட்டுப் போகிற சூடு. ஹீட்டரைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டாவது ரேடியேட்டர் கிடைத்தாயிற்று.

குமிழை இழுத்தேன். விசிறியைப் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் ஊசி இறங்கி நடுவில் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியது என் கண்ணெதிரே வேலை செய்கிறது!

சூடு எங்காவது போக வேண்டுமே. பெட்டியிலிருந்து காற்று வெளிவர மூன்று வழி. ஒன்று கண்ணாடிக்கு மேலே போகும். அதைத் திறந்தால் ஸ்டியரிங் பிடித்த என் கையிலும் முகத்திலும் அனல் அடித்தது. மூடினேன். மற்ற இரண்டும் கால்மாட்டில், ஆளுக்கு ஒரு தகரக் கதவு. என் பக்கத்துக் கதவு திறந்திருந்தால் பெடல் மிதிக்க முடியவில்லை. அதையும் மூடினேன். மிச்சம் இருந்தது அவள் பக்கம்.

"ஏங்க, காலுகிட்ட யாரோ அடுப்பு பத்த வச்ச மாதிரி இருக்கு."

"ஹீட்டர் வால்வு. பழைய வண்டி பாரு, இறுகிப்போச்சு. மூட வரல."

"அந்த விசிறியையாவது நிறுத்துங்களேன்."

"நிறுத்தினா சூடு உள்ளேயே தேங்கிடும்."

தேங்கும்தான், எஞ்சினுக்குள். அவள் கேட்டது வேறு. எனக்கு அது தெரிந்தே இருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'வண்டி கொதிக்குது, கொஞ்ச தூரம் பொறுத்துக்கோ' என்று கேட்டிருந்தால் அவளே குமிழை இழுத்திருப்பாள். சொல்லவில்லை. சொன்னால் அவள் முதல் நாள் கேட்ட கேள்வி சரி என்று ஆகிவிடும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமல்லபுரம் போனோம். மாலையில் கிளம்பி, கடற்கரையில் காற்று வாங்கி, வேர்க்கடலை கொறித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். காலியான சாலையில் வேகமாகப் போகும்போது குமிழைத் தள்ளி வைக்கலாம், காற்றே போதும். அவள் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தள்ளுவேன். கூட்டம் வந்ததும் அவள் வேடிக்கை பார்க்கிற நேரமாகப் பார்த்து இழுப்பேன். "இப்ப பரவால்லீங்க, கொஞ்சம் தணிஞ்சிருக்கு" என்பாள். "அது அப்படித்தான், ஏறும் இறங்கும்" என்பேன்.

அவள் அதோடு வாழக் கற்றுக்கொண்டாள். ஒரு பழைய டவலை நனைத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்து வருவாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் துணியைக் காலில் சுற்றிக்கொள்வாள். பாதி வழியில் துணி காய்ந்துவிடும். "வீட்ல கொடியில போட்டாகூட இவ்ளோ சீக்கிரம் காயாது" என்று உதறி மடித்து வைப்பாள். தன் இருக்கைக்குச் சூளை என்று பெயர் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி ஆனால் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "என்ன சார், சூளை ரெடியா?" என்பாள். வர மாட்டேன் என்று ஒரு வாரம்கூடச் சொன்னதில்லை.

ஒரே ஒரு நாள் அந்த ஹீட்டர் நியாயமாக வேலை செய்தது. மார்கழியில் பறவை பார்க்க விடியற்காலையில் வேடந்தாங்கல் போனோம். ஏரிக்கரையில் பனி மூட்டம், கூரை இல்லாத கார், அவளுக்குப் பல் கிட்டியது. குமிழை இழுத்தேன். அவள் காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடி, "இன்னைக்குத்தாங்க இது உருப்படியா ஒரு வேலை செய்யுது" என்றாள். நத்தைகுத்தி நாரைகள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தன. அவள் காலைச் சூட்டிலிருந்து எடுக்கவே இல்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சிரித்திருப்பாள். அன்றைய நாளைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரை, நடை, வெந்தயம் என்று எல்லோர் வீட்டையும்போல எங்கள் வீடும் ஆயிற்று. இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். அவள் சூளை பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். டவல் டப்பா சமையலறை அலமாரியிலேயே கிடந்தது.

"இப்பல்லாம் அவ்வளவா சுடறதில்லீங்க" என்றாள்.

நான் சந்தோஷப்பட்டேன். பழகிவிட்டது என்று நினைத்தேன். சர்க்கரைக்காரர்களின் காலில் உணர்ச்சி குறையும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மாத்திரை அட்டையோடு கொடுத்த தாளில் அச்சடித்தே இருந்தது. என் சௌகரியத்துக்கு அதையும் இதையும் சேர்த்துப் பார்க்காமல் இருந்தேன்.

அந்த ஞாயிறு பள்ளி விடுமுறைக் காலம். மாமல்லபுரத்துக்குள் நுழைகிற சாலை முழுக்கக் கார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று நின்று ஊர்ந்தோம். குமிழை முழுசாக இழுத்து, விசிறியை முழு வேகத்தில் வைத்து, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை நடுவிலிருந்த தகரப் பெட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டு, பக்கத்துக் காரில் அழுத குழந்தைக்கு முகத்தைக் கோணிக் கோணி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். ஊசி நடுவிலேயே நின்றது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது, "இது என்னங்க?" என்று காட்டினாள். வலது பாதத்தின் ஓரம், சுண்டுவிரலை ஒட்டி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம். வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லையே" என்றாள். தொட்டுப் பார்த்தேன். நான் தொட்டது அவளுக்குத் தெரியவில்லை.

கொப்புளம் உடைந்து புண்ணாகி, புண் ஆறாமல் ஆழமாகிக்கொண்டே போனது. டாக்டர் எப்படி வந்தது என்று கேட்டார்.

"கார்ல ஹீட்டர், டாக்டர்" என்றாள்.

"ஹீட்டரா? எந்த ஊர்ல இருக்கீங்க நீங்க?"

"செங்கல்பட்டுதான்" என்று அவள் சிரித்தாள். "பழைய கார். வால்வு இறுகிப்போச்சு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மாத்திடலாமே சார்?"

"பார்ட்ஸ் கிடைக்கல" என்றேன்.

"பாவம், தேடிக்கிட்டேதான் இருக்கார் டாக்டர்" என்றாள் அவள்.

அந்த அறையில் எனக்குக் கிடைத்த நாற்காலி சுழலும் நாற்காலி. அது லேசாகத் திரும்பியதை அப்படியே விட்டு, சுவரில் ஒட்டியிருந்த பாதத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தச் சுண்டுவிரலை எடுத்தார்கள். புண் ஆறியது. டாக்டர் அவளுக்கென்று அளவெடுத்து மூடிய செருப்பு செய்யச் சொன்னார். காருக்கு உறை போட்டு நிறுத்திவிட்டேன். அவள் குச்சி வைத்துக்கொண்டு நடந்து, பிறகு குச்சி இல்லாமல் நடந்து, ஒரு நாள் காரின் உறையைத் தூக்கிப் பார்த்து, "பாவம், எலி கூடு கட்டிடப்போகுது. ஆளைக் கூப்பிட்டு ஸ்டார்ட் பண்ணி வையுங்க" என்றாள். பழைய வண்டிக்கும் எனக்கும் சேர்த்து இரக்கப்படுகிற மனுஷி. நான் அப்போதும் சொல்லவில்லை.

மெக்கானிக்கை வரவழைத்தேன். அவள் உள்ளே இருந்தாள். ஹீட்டரை மொத்தமாகக் கழற்றிவிடுங்கள் என்றேன்.

"கழட்டுனா கொதிக்குமே சார். அத்த வச்சித்தானே இத்தினி நாளு ஓட்டிகினு இருந்தீங்க?" என்றார். அவருக்கு அந்த உபாயம் தெரியும். அதில் மறைக்க ஏதும் இருப்பதாக அவர் நினைத்ததில்லை. பிறகு தயங்கித் தயங்கி, பையிலிருந்து அந்தப் பிஸ்கட் டின்னை எடுத்தார். "சார், ஒன்னு சொல்றேன், கோச்சுக்காதீங்க. போன்ல ஒரு வீடியோ பாத்தேன். இதே மாரி வண்டி. வெள்ளக்காரன் ஒருத்தன் கழட்டிக் காட்றான். இந்தத் தெர்மோஸ்டாட்ட எடுத்துட்டா இன்ஜினு கொதிக்கும்ன்றான். நாம கொதிக்கக் கூடாதுன்னு இத்த எடுத்தோம்."

தெர்மோஸ்டாட்டைத் திருப்பிக் காட்டினார். வட்டுக்குக் கீழே சுற்றிலும் ஒரு தகர வளையம் தொங்கியது. "பாவாடைன்னு வச்சிக்கோ சார். இதுல தான் மேட்டரே கீது."

அவர் போன பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பார்த்தாலே புரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டும்போல இருந்தது. சமையலறைக்குப் போய், பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

"என் பால் பாத்திரத்துல என்னத்தைச் சமைக்கிறீங்க?" என்று அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

தண்ணீரில் குமிழி வந்தது. கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மெல்ல, யாரோ மூச்சு இழுப்பதுபோல, நடுக்கதவு திறந்தது. அதோடு சேர்ந்து வளையமும் இறங்கியது.

"அழகா இருக்கே! என்னது இது?" என்றாள்.

சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு நான் நடத்திய கடைசிப் பாடம் அதுதான். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றி வர ஒரு பைபாஸ் வழி இருக்கிறது. சூடானதும் கதவு திறக்கும்; இந்த வளையம் இறங்கி அந்த பைபாஸை மூடும். அப்போதுதான் தண்ணீர் முழுக்க ரேடியேட்டருக்குப் போகும். இதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். "நம்ம ஊருக்கு பைபாஸ் ரோடு போட்ட மாதிரி. எந்த லாரி பஜாருக்குள்ள வருது? தண்ணியும் அப்படியே ரேடியேட்டர் பக்கம் வராம சுத்திக்கிட்டுப் போயிடும். ஆறவே ஆறாது."

"இதை எடுத்துட்டுத்தான் இவ்ளோ நாள் ஓட்டுனீங்களா?"

"ஆமா."

"இது உள்ளே இருந்திருந்தா வண்டி கொதிச்சிருக்காது."

"கொதிச்சிருக்காது. ஹீட்டரும் வேண்டியிருந்திருக்காது."

அவள் கணக்கு டீச்சர். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய் என்று முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளைக் கேட்டவள். பாத்திரத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"ஹீட்டர் எதுக்கு வேணும்? அது இறுகிப்போச்சுன்னுதானே சொன்னீங்க?"

அப்போதுகூட எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. வாய்வரை வந்தது. பிறகு அவள் போட்டிருந்த மூடிய செருப்பு கண்ணில் பட்டது.

"இறுகல" என்றேன். "நான்தான் திறந்து வச்சேன். முதல் நாள்லேருந்து. என் பக்கத்தை மூடிட்டு உன் பக்கம் விட்டேன். நீ சொன்னது சரின்னு ஆயிடக் கூடாதுன்னு."

தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கை நீட்டி அடுப்பை அணைத்தாள். "பாத்திரத்தைத் தேய்ச்சு வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான்கு நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். சாப்பாடு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஐந்தாம் நாள் காலை காப்பி டம்ளரை வைத்துவிட்டு, "அந்த மெக்கானிக்கை வரச் சொல்லுங்க. அவர் ஓட்டட்டும். நீங்க என் பக்கம் உட்கார்ந்து மாமல்லபுரம் போயிட்டு வாங்க. செருப்பு போடாம. ஹீட்டரை முழுசா இழுத்துட்டு" என்றாள்.

வைகாசி மாதம் அது. பத்து மணி வெயிலில் கிளம்பினோம். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டாயிற்று. ஹீட்டருக்கு அவசியமே இல்லை. வெறுங்காலோடு நான் இடது பக்கம் உட்கார்ந்து குமிழை இழுத்ததைப் பார்த்து மெக்கானிக் வண்டியை எடுக்காமல் முழித்தார்.

"இன்னா சார் இது? தீமிதி வேண்டுதலா?"

"ஆமா" என்றேன். அவர் வாசலில் நின்ற டீச்சரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வண்டியை எடுத்தார்.

முதல் சில நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கணுக்காலில் எரிந்தது. பிறகு பாதத்தை எங்கே வைப்பது என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. அங்கே காலுக்கு ஒதுங்க இடமே இல்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் இரண்டு காலையும் இருக்கை மேல் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டுவிட்டேன். "அணைச்சிடவா சார்? டீச்சருக்கு இன்னா தெரியப்போவுது?" என்றார் மெக்கானிக். வேண்டாம் என்றேன். கடல்வரை போய்த் திரும்பினோம், அனலை அப்படியே விட்டு.

அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். என் காலைப் பார்த்தாள். சிவந்திருந்தது.

"எதுவரைக்கும் கீழே வச்சிருந்தீங்க?"

"திருக்கழுக்குன்றம்கூட வரல. தூக்கி மேல வச்சுக்கிட்டேன்."

பிறகு உள்ளே போய் அந்தப் பழைய டவலை நனைத்துக் கொண்டுவந்து என் மேல் எறிந்தாள். "சுத்திக்கோங்க" என்றாள். மெக்கானிக்குக்கு மோர் கொடுத்தாள். அன்றைக்கு இரவு வழக்கமான பேச்சு திரும்பி வந்தது. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஹீட்டரைக் கழற்றிப் போட நான் மறுபடி ஆளைக் கூப்பிட்டபோது அவள்தான் தடுத்தாள். "வேடந்தாங்கலுக்கு வேணும். இருக்கட்டும். ஆனா அந்தக் குமிழ் இனிமே என்னுது. நீங்க கை வைக்கக் கூடாது."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி போகிறோம். அவள் மூடிய செருப்போடு ஏறுகிறாள். ஏறும்போது கை கொடுத்து உட்கார வைக்கிறேன், இறங்கும்போது இழுக்கிறேன். கிளம்பியதும் அவளே குனிந்து குமிழைத் தள்ளிப் பார்ப்பாள், தள்ளியே இருந்தாலும். காலுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். அதனால் வழியெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை குனிந்து, உள்ளங்கையைத் தன் பக்கத்துத் தகரக் கதவுக்கு முன்னால் காட்டிப் பார்க்கிறாள்.

போன வாரமும் மாமல்லபுரம் போகிற வழியில் கூட்டம். நின்று நின்று போனோம். குனிந்து கையை வைத்துப் பார்த்தாள்.

"சில்லுன்னுதான் இருக்கு" என்றாள். "ஊசி எங்க நிக்குது?"

"நடுவுல."

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எக்கி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் தானே எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சாய்ந்து உட்கார்ந்தாள்.